3 ஏக்கர் தைலமரம்: ஒரேயடியாக வெட்டாமல் கலப்புக் காடாக மாற்ற என்ன வழி?

#1 செம்புறைமேடு

எல்லோருக்கும் வணக்கம். புதுக்கோட்டை மாவட்டம், மானாவாரி நிலம், 3 ஏக்கர். தைலமரம் 3 மீட்டருக்கு 1.5 மீட்டர் இடைவெளியில் நட்டது. இரண்டு வெட்டு முடிந்து, இப்போது நிற்பது வெட்டிய கட்டையிலிருந்து எழுந்த மறுதழைவு. உயரம் சுமார் 40 அடி. வரிசைகள் வடக்கு தெற்காக ஓடுகின்றன.

மண்: மேலே ஒன்றரை அடி செம்மண், கீழே இறுகிய செம்புறைச் சரளை. தெற்கு மூலை தாழ்வு. ஐப்பசி, கார்த்திகையில் நாலைந்து நாள் தண்ணீர் கட்டி நிற்கும். சொந்தக் கிணறு இல்லை. வாரம் ஒரு டேங்கர் தண்ணீர் வாங்க முடியும். ஆடுகள் நிறைய வரும்.

இனி தைலம் வேண்டாம் என்று முடிவு. நாட்டு மரங்களாக ஒரு காடு வேண்டும். ஆனால் வெறும் காட்சிக்காக அல்ல; 15 வருடம் போனால் ஆண்டுக்குச் சில மரம் பொறுக்கி வெட்டி விற்கிற மாதிரி இருக்க வேண்டும், காடும் காடாகவே நிற்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

#2 வரப்புமரம்

ரொம்ப யோசிக்காதீங்க. மரத்தை வித்துட்டு ஜேசிபி விட்டுக் கட்டையை வேரோட பிடுங்குங்க. உழுது ஒரு மழைக்கு விட்டுட்டு 10க்கு 10 அடியில் நடுங்க. தைலக் கட்டை உள்ளே கிடந்தா மத்த எதுவும் வராது.

#3 குளத்தங்கரை

வரப்புமரம் சொல்வது தென்னைக்கோ கொய்யாவுக்கோ சரி. இங்கே ஒன்றரை அடிதான் மண். கட்டையைப் பிடுங்கும்போது ஜேசிபி வாளி செம்புறையையும் சேர்த்துத்தான் புரட்டும். மேல்மண் அடியில் போகும், சரளை மேலே வரும். அதற்கப்புறம் எத்தனை வண்டி எரு கொட்டினாலும் பழைய மண் திரும்பாது. ஏக்கருக்கு 900 கட்டை என்றால் 900 குழி.

இன்னொன்று நிழல். இலுப்பை, பாலை, கருங்காலி, வீரை எல்லாம் முதல் இரண்டு மூன்று கோடையில் பக்க நிழல் இருந்தால்தான் பிழைக்கும். மொட்டைத் தரையில் நட்டால் சித்திரை வெயிலில் தண்டு வெந்து போகும், அல்லது புல் முந்திக்கொள்ளும். இப்போது நிற்கிற தைலத்தை விரோதியாகப் பார்க்காமல், சம்பளமில்லாத நிழல்வலையாகப் பயன்படுத்துங்கள்.

நான் பரிந்துரைப்பது மூன்று கட்டம். ஒன்பது வரிசையை ஒரு தொகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் அதில் 3 வரிசை மட்டும் வெட்டுங்கள், 6 நிற்கட்டும். நிற்கும் வரிசைக்கும் அடுத்து நிற்கும் வரிசைக்கும் நடுவே 12 மீட்டர், அதாவது 40 அடி இடைவெளி கிடைக்கும். மரத்தின் உயரமும் 40 அடி. இடைவெளி மர உயரத்துக்குச் சமமாக இருந்தால் ஒளியும் போதும், காற்றும் உள்ளே புகுந்து அடிக்காது. மூன்று அல்லது நாலு வருடம் கழித்து ஒட்டியுள்ள 3 வரிசை, அதன்பின் மீதி 3. உங்கள் வரிசை வடக்கு தெற்காக ஓடுவது நல்ல விஷயம்: காலையும் மாலையும் நிழல், உச்சி வேளையில் மட்டும் நேர் வெயில். கிழக்கு மேற்காக ஓடியிருந்தால் பட்டை முழுவதும் நாளெல்லாம் வெயில் படும்.

வடக்கு, கிழக்கு ஓரத்தில் மட்டும் இரண்டு வரிசையைக் கடைசி வரை தொடாதீர்கள். புயல் காற்றை முதலில் வாங்கப்போவது அவைதான்.

இனி கட்டை. இதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுவார்கள். தைலக் கட்டையின் உயிர் அடிப்பட்டையில் உறங்கும் மொட்டுகளிலும், வேர்க்கழுத்தில் கிழங்கு போலத் திரண்ட பகுதியிலும் இருக்கிறது. காகித ஆலைக்கு விற்பவர்கள் நன்றாகத் தழையட்டும் என்று ஈரம் பார்த்து வெட்டுவார்கள். நீங்கள் நேர்மாறாகச் செய்யுங்கள்: சித்திரை, வைகாசியில், மண் காய்ந்து கிடக்கும்போது, தரையோடு தரையாக வெட்டுங்கள். சுற்றி மண்ணைப் பறித்து, வெட்டுக்குக் கீழே ஒரு சாண் ஆழம் வரை பட்டையை வாச்சியால் முழுக்க உரித்துவிடுங்கள். மொட்டு உட்காரும் இடம் அதுதான்.

அப்படியும் தழையும். தழைந்ததை எப்போது ஒடிப்பது என்பதே சூட்சுமம். ஒரு சாண் வந்ததும் ஒடித்தால் கட்டைக்குப் பெரிய நட்டமில்லை. முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு வரும் வரை விடுங்கள். அதுவரை தளிர் வேரில் சேர்த்துவைத்த மாவுச்சத்தைத் தின்றுதான் வளர்கிறது. இடுப்பைத் தாண்டினால் இலைகள் சம்பாதித்து வேருக்குத் திருப்பி அனுப்ப ஆரம்பித்துவிடும். ஆகவே இடுப்பளவில், அரிவாளால் அறுக்காமல், கையால் கீழ்நோக்கி இழுத்து அடியோடு கிழித்தெடுங்கள். அறுத்தால் காம்பில் இருக்கும் மொட்டுகள் ஒன்றுக்கு நாலாகத் தழையும். வருடத்துக்கு நாலைந்து முறை இப்படிச் செய்தால் பெரும்பாலான கட்டைகள் இரண்டாம் வருடக் கடைசிக்குள் செத்துவிடும். ஒரு மழைக்காலம் அசந்துவிட்டால் பழையபடி முதலிலிருந்து.

#4 வரப்புமரம்

ஆள் கூலி என்னாகிறது? கட்டை மேல கிளைபோசேட் தடவிட்டா ஒரே நாள் வேலை.

#5 குளத்தங்கரை

ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் போட்ட அறிவிக்கையின்படி கிளைபோசேட்டை உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனங்கள் வழியாக மட்டுமே அடிக்க வேண்டும். விவசாயி தானே வாங்கி அடிப்பது அதற்குள் வராது. சட்டத்தை விட்டாலும் ஒரு சிக்கல்: தைலக் கட்டைகளின் வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம், நிழலுக்கு விட்ட மரத்திலும் போய் இறங்கும்.

கூலியைக் குறைக்க ஒரு வழி உண்டு. எல்லாக் கட்டையையும் கொல்ல வேண்டியதில்லை. கன்று நடும் குழியிலிருந்து 4 அடிக்குள் இருப்பதை முதலில் முடியுங்கள். மற்றதில் ஒரே ஒரு தளிரை விட்டு வளர்த்து, வேலிக் கம்பாக எடுத்துக்கொள்ளுங்கள். நட்ட மரம் மேலே போய் நிழல் கட்டினால் தைலத் தளிர் தானாகவே நோஞ்சானாகிவிடும். அது வெயில் ஜாதி.

#6 விதைக்கூடை

கன்று வாங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது தம்பி. இப்போதே காட்டுக்குள் நடந்து, தானாக முளைத்து நிற்பதை எல்லாம் எண்ணுங்கள். பழைய தைலக் காட்டுக்குள் வேம்பு, நுணா, நாவல், குருந்து, சூரை முளைத்திருக்கும்; பறவை உட்காரும் மரத்தடியில் அதிகம் இருக்கும். முழங்காலுக்கு மேல் உள்ள ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சுண்ணாம்பு அடித்த குச்சி நட்டு வையுங்கள். வெட்டுகிறவர்களுக்கு அது கண்ணில் பட வேண்டும். தானாக முளைத்த வேம்பு, நாற்றங்காலில் இருந்து வந்த வேம்பை விட வேரில் ஒரு படி மேல். ஆணிவேர் வளையாமல் சரளைக்குள் இறங்கியிருக்கும்.

இனி வகைகள். 3 ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு என்றால் முதல் கட்டத்துக்கு 1 ஏக்கர். 40 அடிப் பட்டைக்குள் மூன்று வரி, வரிக்கு வரி 10 அடி, செடிக்குச் செடி 10 அடி. மொத்தம் 435 கன்று வரும். நிற்கும் தைலத்துக்கும் முதல் வரிக்கும் 10 அடி கிடைக்கும்.

நான் பிரிப்பது இப்படி. சுமார் 145 துணை மரம்: அகத்தி, கிளைரிசிடியா, உசில், புங்கம். இவை மண்ணை மூடவும், தழைச்சத்து கொடுக்கவும், பக்கத்து மரத்தை நேராக மேலே தள்ளவும். ஐந்தாறு வருடத்தில் பாதிக்கு மேல் வெட்டித் தழையாகப் போட்டுவிடுவீர்கள். சுமார் 190 தடிமரம்: வேம்பு, வாகை, செம்மரம், வேங்கை, வெள்வேல், தாழ்ந்த தெற்கு மூலையில் நீர்மருது, பூவரசு. மீதி 100 நிதான ஜாதி: இலுப்பை, நாவல், பாலை, கருங்காலி, வீரை, காயா. இந்தக் கடைசி நூறில் உங்கள் காலத்தில் பணம் வராது. ஆனால் கீழடுக்கு மூடி, புல்லை அடக்கி, மண்ணில் ஈரத்தைப் பிடித்துவைப்பது அவைதான். நடுவரியில் நடுங்கள்.

தேக்கை இந்த மண்ணில் தவிர்த்துவிடுங்கள். தேக்குக்கு ஆழமான, வடிகாலுள்ள மண் வேண்டும். செம்புறையில் பத்து வருடம் பென்சில் மாதிரி நிற்கும். செம்மரம் அப்படியில்லை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட கல்லாங்குத்தே அதன் தாய்வீடு. தண்ணீர் நிற்கிற இடத்தில் மட்டும் வைக்கக் கூடாது.

விதையாகப் போடுவதென்றால் இலுப்பை, நாவல், வேம்பு மூன்றும் ஆனி, ஆடியில் விழும். மூன்றுக்குமே ஆயுள் குறைவு. பொறுக்கி, சதையை நீக்கி, நிழலில் ஆற்றி இரண்டு வாரத்துக்குள் பையில் போட்டுவிட வேண்டும். சாக்கில் கட்டி ஐப்பசி வரை வைத்தால் ஒன்றும் முளைக்காது. பக்கத்துக் கோயில்காட்டில் என்ன நிற்கிறது என்று பாருங்கள், உங்கள் மண்ணுக்கு அதைவிட நல்ல பட்டியல் கிடையாது. ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஓரத்தில் உதிர்ந்ததை மட்டும் எடுங்கள்.

#7 நகரத்துநிழல்

நெருக்கமாக நடும் மியாவாக்கி முறையை யாருமே சொல்லவில்லையே? மூன்றே வருடத்தில் அடர்ந்த காடு. அப்புறம் தண்ணீரே தேவையில்லை.

#8 மழைமானி

கணக்கு போட்டுப் பார்ப்போம் ப்ரோ. மியாவாக்கி என்றால் சதுர மீட்டருக்கு 3 முதல் 4 கன்று. ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஆக ஏக்கருக்கு 12,000 முதல் 16,000 கன்று. அதோடு மண்ணை ஆழத் தோண்டி எருவும் உமியும் கலக்க வேண்டும், இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து தண்ணீர் விட வேண்டும். இவருக்கு இருப்பது வாரம் ஒரு டேங்கர். பள்ளி வளாகத்தில் அஞ்சு சென்ட்டுக்கு அது அருமையான முறை. இங்கே அளவு தாங்காது.

அதைவிட முக்கியமான விஷயம், அந்த நெருக்கத்தில் எல்லாம் குச்சியாக உயரும். தலைத்தழை மட்டும் மேலே ஒரு கொத்து. களையெடுக்க உள்ளே மனுஷன் நுழைய முடியாது. தடிமரம் வேண்டும் என்று முதல் பதிவிலேயே கேட்டிருக்கிறார்.

#9 செம்புறைமேடு

ரொம்ப உபயோகமாக இருக்கிறது. குளத்தங்கரை ஐயா, நிற்கிற தைலத்தின் வேர் புதுக் குழிக்குள் வந்துவிடாதா? 10 அடி போதுமா? குழி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு?

#10 குளத்தங்கரை

வரும். 10 அடி ஒன்றுமே இல்லை, ஒரே பருவத்தில் எருவாசம் பிடித்து வந்து சேர்ந்துவிடும். அதனால்தான் நிற்கும் வரிசையை ஒட்டி, இரண்டரை அடி தள்ளி, நீளவாக்கில் ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும். அகலம் 1 அடி, ஆழம் செம்புறை தட்டுப்படும் வரை, உங்கள் இடத்தில் ஒன்றரை அடி. தைலத்தின் உண்ணும் வேர் பெரும்பாலும் இந்த மேல் அடுக்கில்தான் ஓடுகிறது, அது அறுபடும். மழைநீரும் அதில் நின்று இறங்கும். சரிவு இருந்தால் 20 அடிக்கு ஒரு இடத்தில் வெட்டாமல் திட்டு விடுங்கள், இல்லையென்றால் வாய்க்கால் ஓடையாகி மண்ணை அள்ளிக்கொண்டு போகும். ஆவணியில் வருடா வருடம் அதே வாய்க்காலில் மண்வெட்டி போட்டு வேரை மீண்டும் அறுக்க வேண்டும். இதை முதல் வருடத்தோடு நிறுத்திவிட்டுக் கன்று வளரவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய.

குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் அதே. உங்கள் மண்ணில் அது சரியாகச் சரளையின் தலையில் போய் நிற்கும். அப்படியே விட்டால் குழி கிண்ணம்தான். கார்த்திகையில் தண்ணீர் கட்டி வேர் அழுகும், சித்திரையில் வேர் கீழே போக வழியில்லாமல் சுற்றும். அடியில் கடப்பாரையால் நாலு குத்து குத்தி சரளையை உடைத்துவிடுங்கள். இயந்திரத் துளைப்பான் வைத்துக் குழி போட்டால் பக்கச் சுவர் ஈர மண்ணில் வழவழவென்று இழைத்துவிடும், அதையும் கடப்பாரையால் கீறிவிட வேண்டும்.

உள்ளே எடுத்த மண்ணே திரும்பப் போகட்டும். மக்கிய எரு 1 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 200 கிராம். அதற்கு மேல் எரு வேண்டாம். நிறையப் போட்டால் வேர் குழிக்குள்ளேயே சொகுசாக இருந்துவிடும், அரைகுறையாக மக்கியது கறையானையும் அழைத்துவரும்.

நடும் காலம் புரட்டாசிக் கடைசி முதல் ஐப்பசி முதல் பாதி, மண் ஒரு அடி நனைந்த பிறகு. கார்த்திகை அடைமழையில் நட்டால் வேர் பிடிக்கும் முன்பே பனிக்காலம் வந்துவிடும்.

தண்ணீர்: 435 கன்றுக்கு 15 லிட்டர் வீதம் 6,500 லிட்டர் சொச்சம். ஒரு டேங்கர் கணக்கு சரியாக வரும். முதல் கோடை வாரம் ஒருமுறை, இரண்டாம் கோடை 15 நாளுக்கு ஒருமுறை 20 லிட்டர், மூன்றாம் கோடை நிறுத்திவிடுங்கள். தினம் ஒரு லிட்டர் ஊற்றுவதுதான் மோசமான முறை, வேர் மேலேயே நின்றுவிடும்.

#11 விதைக்கூடை

கன்று வாங்கும்போது பையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். பையைக் கிழித்து வேர் தரையில் இறங்கியிருந்தாலோ, உள்ளே கயிறு மாதிரி சுற்றியிருந்தாலோ வேண்டாம். நாலடி உயரக் கன்று கண்ணுக்கு அழகு, ஆனால் அந்தச் சுருள் திறக்கவே திறக்காது. தடித்துக்கொண்டே போய் ஏழெட்டு வருடத்தில் வேர் வேரையே நெரிக்கும், காற்றடித்தால் மரம் அடியோடு சாயும். ஒன்றரை அடிக் கன்று, தண்டு பென்சில் பருமன், அதுவே போதும். லேசான சுற்று இருந்தால் நடும்போது பிளேடால் மேலிருந்து கீழாக மூன்று பக்கம் ஒரு கீறு.

மூடாக்கு போடுங்கள், ஆனால் தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி. ஒட்டிப் போட்டால் கறையான் பட்டையில் ஏறும். வெட்டிய தைலத்தின் தழை, பட்டை எதையும் கொளுத்தாதீர்கள். மிதித்து ஒடித்து அந்த வாய்க்காலுக்குள்ளேயே போடுங்கள். குவித்து வைத்தால்தான் தீ ஆபத்து.

#12 ரம்பமும்கயிறும்

தீ பத்தி அக்கா சொன்னதால ஒரு வார்த்தை. தைல இலையில எண்ணெய் இருக்கு. தை மாசமே சுத்தி 15 அடி அகலத்துக்கு உழுது வெறும் மண்ணா விட்டுடணும். ரோட்டு ஓரம்னா 20 அடி. மாசியில பாத்துக்கலாம்னு விட்டா ஒரு பீடித் துண்டு போதும்.

ஆட்டுக்கு: கம்பி வேலி மட்டும் நம்பாதீங்க. கிளுவைக் கம்பு, கட்டை விரல் பருமன், 4 அடி நீளம், இலை உதிர்ந்திருக்கிற கோடைக் கடைசியில வெட்டி நிழல்ல ஒரு வாரம் போட்டு, அரை அடிக்கு ஒண்ணா ஊணுங்க. இடையில ரயில் கத்தாழை. குமிழ், அகத்தி ரெண்டும் ஆட்டுக்கு அல்வா, ஓரத்துல வைக்காதீங்க. புங்கத்தை ஆடு அவ்வளவா தொடாது, ஓர வரிக்கு அதுதான்.

#13 செம்புறைமேடு

கத்திசவுக்கு துணை மரமாக வைக்கலாமா? சீக்கிரம் வளரும் என்கிறார்கள். மகோகனியும் ஒருவர் தருவதாகச் சொல்கிறார்.

#14 மழைமானி

ஆரோவில்லில் செம்மண் மேட்டைப் பச்சையாக்க முதலில் கத்திசவுக்கைத்தான் நிறைய வைத்தார்கள். அதன் நிழலில் நாட்டு மரங்கள் எழும்பியது உண்மை. ஆனால் 2011 டிசம்பர் 30 தானே புயலில் பெரிய அளவில் சாய்ந்தவற்றில் அதுவும் உண்டு. விதையும் கண்டபடி முளைக்கும், ஒவ்வொரு மழைக்கும் பிடுங்க வேண்டும். இன்றைக்கு அதே வேலையை உசிலும் கிளைரிசிடியாவும் செய்கின்றன. சூபாபுல்லும் அதே கதை, உள்ளே விட்டால் வெளியேற்ற முடியாது.

மகோகனிக்குத் தளிர் துளைப்பான் புழு வரும். நுனியைக் குடைந்துவிட்டால் மரம் இரண்டு மூன்றாகக் கவையாகும், தடிக்கு மதிப்பு போச்சு. தனியாக வெயிலில் வரிசையாக வைத்தால் இது அதிகம். அரை நிழலில் கலந்து வைத்தால் குறையும். இருந்தாலும் பறவைக்கும் பூச்சிக்கும் அதனால் பெரிய பயனில்லை. பத்துக்கு மேல் வேண்டாம் என்பேன்.

#15 ரம்பமும்கயிறும்

எல்லாரும் நடறதைப் பத்தியே பேசுறீங்க. காடு கெடறது நட்டதுக்கு அப்புறம், நெருக்கத்தைக் கலைக்காம விடறதால.

நாலாவது அஞ்சாவது வருஷம் உள்ளே போய் எதிர்கால மரத்தைத் தேர்ந்தெடுக்கணும். ஏக்கருக்கு 70 போதும், அதாவது சராசரி 25 அடிக்கு ஒண்ணு. நேரான தண்டு, கவை இல்லாம, அடிபடாம, மரத்தோட உயரத்துல பாதியாவது தழை இருக்கணும். வகை கலந்து எடுங்க. எடுத்ததுக்கு மஞ்சள் பெயிண்ட்ல ஒரு வளையம். அப்புறம் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: இந்த மஞ்சள் மரத்தோட தலையை எது இடிக்குது? இடிக்கிற ஒண்ணு அல்லது ரெண்டை மட்டும் வெட்டணும். இடிக்காததைச் சும்மா விடுங்க, கீழ அடங்கி நிக்கிறதையும் விடுங்க. அதுங்கதான் மஞ்சள் மரத்தோட தண்டுல வெயில் படாம பாத்து, பக்கக் கிளை வராம தடுக்குது. குட்டையும் நோஞ்சானுமா பொறுக்கி வெட்டி சுத்தம் பண்ணிட்டேன்னு சொல்றவங்க, விறகு மட்டும் எடுத்தாங்க, காட்டுக்கு ஒண்ணும் செய்யலை.

ஒரே தடவையில நாலுல ஒரு பங்குக்கு மேல எடுக்காதீங்க. மூணு நாலு வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வாங்க. வெட்ட நேரம் தை கடைசி, மாசி. ஏன்னா நெருக்கத்துல வளந்த மரம் பக்கத்து மரத்து மேல சாஞ்சே பழகினது. தனியா நிக்க வேரையும் அடித்தண்டையும் தடிப்பாக்க நேரம் வேணும். மாசியில வெட்டினா ஐப்பசி புயலுக்கு எட்டு மாசம் கிடைக்கும். ஆவணியில வெட்டிட்டு அடுத்து 2018 நவம்பர் 16 கஜா மாதிரி ஒண்ணு வந்தா, நீங்க காப்பாத்த நினைச்ச மஞ்சள் மரம்தான் முதல்ல விழும்.

விழுமா நிக்குமான்னு பாக்க ஒரு அளவு: மரத்தோட உயரத்தை, நெஞ்சு உயரத்துல உள்ள விட்டத்தால வகுங்க, ரெண்டும் ஒரே அலகுல. 80க்குள்ள வந்தா திடம். 100 தாண்டினா ஆபத்து. விட்டம் அளக்க வேண்டாம், நூலால சுத்தளவு எடுங்க. 40 அடி மரம்னா சுத்தளவு 19 அங்குலம் இருந்தா நல்லது. 15க்குக் கீழன்னா ஏற்கெனவே தாமதம். அங்க நாலுல ஒண்ணு கூட வேணாம், எட்டுல ஒண்ணா கலைங்க.

கிளை கழிக்கிறது: விரல் பருமன்ல இருக்கும்போதே. தடியானா மூணு வெட்டு. தண்டிலிருந்து ஒரு அடி தள்ளிக் கீழ்ப்பக்கம் கால்வாசி, அதுக்கு ரெண்டு அங்குலம் வெளியே மேலிருந்து முழுசா. கடைசியா கிளை அடியில இருக்கிற தடிச்ச வளையத்தைத் தொடாம மிச்சத்தை எடுங்க. அந்த வளையம்தான் காயத்தை மூடும். தண்டோட ஒட்டி வழிச்சு வெட்டினா அழுகல் நேரா நடுக்கட்டைக்குப் போயிடும். உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல ஒரே வருஷத்துல கழிக்கக் கூடாது.

#16 வரப்புமரம்

இது நியாயமாப் படுது. ஜேசிபியை வாபஸ் வாங்கிக்கிறேன் 😄 வேம்பு வெச்சா கருகுதேன்னு எல்லாரும் சொல்றாங்க, அது என்ன?

#17 விதைக்கூடை

மழை முடிந்து கார்த்திகை, மார்கழியில் நுனித் தளிர் தீய்ந்த மாதிரி ஆவது தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சியாலும் ஒரு பூஞ்சையாலும். மாசி, பங்குனியில் பெரும்பாலும் புதுத் தளிர் வந்துவிடும். செத்துவிட்டது என்று அவசரப்பட்டு வெட்டுவதுதான் பெரிய இழப்பு. சின்ன மரமாக இருந்தால் கருகிய நுனியை ஒரு சாண் கீழே பச்சையில் வெட்டி, காட்டுக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். வேம்பே 190ல் 60ஐத் தாண்டக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

#18 சிறுமலைச்சாரல்

நடுவில் ஒரு கேள்வி. சிறுமலையில் ஒன்றரை ஏக்கர் காபி, மேலே சில்வர் ஓக். அதையும் இப்படிக் கலைத்து நாட்டு மரம் விடலாமா?

#19 மழைமானி

முறை பொருந்தும், சட்டம் வேறு. மலைப்பகுதி என்று அறிவிக்கப்பட்ட ஊர்களுக்கு 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சொந்தப் பட்டா மரமானாலும் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும். முதலில் உங்கள் கிராமம் பட்டியலில் இருக்கிறதா என்று வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். வெட்டாமலே தொடங்கலாம்: சில்வர் ஓக்கின் கிளையைக் கழித்து ஒளி விட்டு, கீழே பலா, நாவல், மலைவேம்பு வையுங்கள்.

செம்புறைமேடு, உங்களுக்கும்: சமவெளியில் அந்தச் சட்டம் இல்லை, ஆனால் மரத்தைச் சாலையில் கொண்டுபோக 1968ஆம் ஆண்டு மரக் கடவு விதிகள் உண்டு. நட்ட வருடமே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேட்டில்) என்ன மரம், எத்தனை என்று பதிய வையுங்கள். செம்மரம், சந்தனம் இரண்டுக்கும் இது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பதிவில்லாத செம்மரத்தை யாரும் துணிந்து வாங்க மாட்டார்கள்.

#20 செம்புறைமேடு

சந்தனம் 10 வைக்கலாமா என்று ஒரு ஆசை.

#21 விதைக்கூடை

வையுங்கள், ஆனால் தனியாக அல்ல. சந்தனம் பாதி ஒட்டுண்ணி, பக்கத்து மரத்தின் வேரிலிருந்து உறிஞ்சித்தான் வாழும். பையில் பொன்னாங்கண்ணி, குழியில் துவரை, 5 அடிக்குள் நிரந்தரத் துணையாகப் புங்கமோ சவுக்கோ. துணை இல்லாத சந்தனம் இரண்டாம் வருடம் மஞ்சளாகி நின்றுவிடும். துவரை சந்தனத்தை மூடாமல் அவ்வப்போது தலையைக் கிள்ளுங்கள். வயிரம் ஏறிய பிறகு திருட்டு பயம் இருக்கிறது, ஆள் குடியிருக்கும் பக்கமாக வையுங்கள்.

#22 குளத்தங்கரை

ஒரு சின்ன விஷயம். மூன்றாம் கட்டத்தில் கடைசித் தைல வரிசைகளை எடுக்கும்போது ஏக்கருக்கு நாலைந்தைச் சாய்க்காமல், நின்றபடியே சாகவிடுங்கள். இடுப்பளவில் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை வளையமாக எடுத்து, அடியில் உள்ள வெள்ளை மரத்தையும் கொஞ்சம் செதுக்க வேண்டும். பட்டையை மட்டும் மெலிதாக உரித்தால் மேலும் கீழும் சேர்ந்து ஆறிவிடும். காய்ந்த மரத்தில் மரங்கொத்தி துளை போடும், அதில் மைனா, கிளி, ஆந்தை வரும். ஆந்தை வந்தால் எலித் தொல்லைக்கு வேறு வைத்தியம் வேண்டாம். நிலத்தில் மொட்டைப் பனை நின்றால் அதையும் விறகுக்கு எடுக்காதீர்கள், பனங்காடை கூடு வைக்கும். நடைபாதை, வீட்டுப் பக்கம் மட்டும் இப்படி விட வேண்டாம், கிளை முறிந்து விழும்.

#23 செம்புறைமேடு

கடைசியாக விற்பனை. வியாபாரி கன அடிக் கணக்கில் எப்படி அளக்கிறார்? ஏமாறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

#24 ரம்பமும்கயிறும்

தடியோட நடுவுல சுத்தளவு எடுப்பாங்க, அங்குலத்துல. அதை நாலால வகுத்து, வந்ததை அதே எண்ணால பெருக்கி, நீளத்தை அடியில பெருக்கி, 144 ஆல வகுப்பாங்க. நடுச் சுத்தளவு 36 அங்குலம், நீளம் 10 அடின்னா: 36ல நாலில் ஒண்ணு 9, 9 பெருக்கல் 9 வந்து 81, அதைப் பத்தால பெருக்கி 144 ஆல வகுத்தா 5.6 கன அடி. உருண்டைத் தடியோட உண்மையான கன அளவு 7.1க்கு மேல. ஆக இந்த முறையிலேயே நூத்துக்கு இருபத்தொண்ணு, அறுப்புச் சேதாரம்னு உங்க கையை விட்டுப் போயிடுது. அதுக்கப்புறமும் "சேதாரம் பத்து பர்சென்ட் கழிக்கணும்"னு கேட்டா ரெண்டாவது தடவை கழிக்கிறாங்கன்னு அர்த்தம், ஒத்துக்காதீங்க. பட்டையைக் கழிக்கிறது வேற, அது நியாயம்.

மொத்தமா "குத்துமதிப்பு" விலைக்கு நிக்கிற மரத்தைக் கொடுக்காதீங்க. எந்த மரம்னு நீங்க அடியில ஒண்ணு, இடுப்பளவுல ஒண்ணுன்னு ரெண்டு பெயிண்ட் அடையாளம் போடணும். வெட்டின பிறகு அடிக்கட்டையில உள்ள அடையாளத்தை எண்ணினா கணக்கு தெரிஞ்சிடும். வேம்பு, வாகைன்னா சுத்தளவு 4 அடி வரட்டும், அதுக்குள்ள அவசரம் வேண்டாம். 3 அடியிலிருந்து 4 அடிக்குப் போகும்போது சுத்தளவு மூணுல ஒண்ணுதான் கூடுது, கன அடி கிட்டத்தட்ட ஒண்ணே முக்கால் மடங்காகுது, வயிரமும் ஏறுது.

இழுக்கிற பாதையை நடும்போதே விடுங்க: 80 அடிக்கு ஒண்ணு, 10 அடி அகலம். டிராக்டர் அதை விட்டு இறங்கக் கூடாது, மண் ஈரமா இருந்தா உள்ளேயே வரக் கூடாது. சாய்க்கிற மரத்தைப் பாதை பக்கமா, சாய்வா விழற மாதிரி கயிறு கட்டி இழுங்க. நேர் குறுக்கே விழுந்தா திருப்பி இழுக்கும்போது இளங்கன்னு அத்தனையும் மடங்கிடும். வெட்டுக்கூலி ஆளுங்க கிட்ட மஞ்சள் வளையம் போட்ட மரத்துல பட்டை உரிஞ்சா கூலியில பிடிப்பேன்னு முன்னாடியே சொல்லிடுங்க.